பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கும் முன்: இன்ஜின் ஆறியிருக்கும்போதே பாருங்கள்

நீங்கள் போகும்வரை வண்டியை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று விற்பவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். போனதும் பானட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருவதே நல்லது. ஆறிய இன்ஜினை ஸ்டார்ட் செய்யும்போதுதான் டைமிங் செயின் (இன்ஜின் வால்வுகளைச் சரியான நேரத்தில் இயக்கும் சங்கிலி) சத்தமும், ஆயில் எரிவதைக் காட்டும் நீலப் புகையும் தெரியவரும். சூடேறிய இன்ஜின் இவற்றை மறைத்துவிடலாம்.

அப்புறம் காரின் கணினியில் பதிவான கோளாறுகளைக் காட்டும் ஓபிடி ஸ்கேனர் மாட்டுங்கள். எரர் கோடு இல்லை என்றதும் நிம்மதி அடைய வேண்டாம். காரின் கணினி தானாகச் செய்யும் சோதனைகளின் நிலையைக் காட்டும் ‘ரெடினஸ் மானிட்டர்’ பகுதியில் பல சோதனைகள் முடியாமல் நின்றால், அண்மையில் கோடுகளை அழித்திருக்கலாம் அல்லது பேட்டரியைக் கழற்றியிருக்கலாம். காரணம் கேளுங்கள்.

ஓட்டும்போது உயர் கியரில் ஆக்ஸிலரேட்டரை நன்றாக அழுத்துங்கள். ஆர்பிஎம் (இன்ஜின் சுழலும் வேகம்) மட்டும் ஏறி, காரின் வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது.

மஸ்டா ஆர்எக்ஸ்-8 போன்ற ரோட்டரி இன்ஜின் (பிஸ்டனுக்குப் பதில் சுழலும் ரோட்டர் உள்ளது) கார் என்றால், இன்ஜினுக்குள் அழுத்தம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கும் கம்ப்ரஷன் டெஸ்ட் செய்யாமல் வாங்கவே வேண்டாம். அதற்கு ரோட்டரிக்கென்றே உள்ள கருவி வேண்டும், அது இருக்கும் மெக்கானிக்கிடம் போங்கள்.

டயரின் பக்கவாட்டில் DOT என்று தொடங்கும் டிஓடி எண்ணின் கடைசி 4 இலக்கங்களையும் பாருங்கள். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம் தயாரானது.