டெல்டா வீட்டுச் சமையலறைத் தரை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

தஞ்சாவூர், திருவாரூர், மயிலாடுதுறை, நாகப்பட்டினம் பக்கம் வீடு கட்டுகிறவர்கள் சமையலறைத் தரை என்றதும் நேரே டைல்ஸ் கடைக்குத்தான் போகிறார்கள். வெளிச்சத்தில் மின்னும் ஒரு டிசைனைப் பிடித்துப்போய் முன்பணமும் கொடுத்துவிடுகிறார்கள். முதல் தவறு அங்கேதான். எந்தக் கல், எந்த டைல்ஸ் என்பதை அப்புறம் பார்க்கலாம். அதைத் தாங்கப் போகிற மண்ணை முதலில் பார்க்க வேண்டும்.

டெல்டா மண் ஆறு கொண்டுவந்து போட்ட வண்டல். பல ஊர்களில் அதில் களி அதிகம். சித்திரை, வைகாசியில் வெடித்துப் பாளம் பாளமாகக் கிடக்கும். மேட்டூர் திறந்து வாய்க்காலில் தண்ணீர் ஓடத் தொடங்கினால் ஊறும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் முழுக்கப் பருத்துவிடும். நிலத்தடி நீரும் அப்போது மேலே வந்து நிற்கும். வருஷா வருஷம் சுருங்கி விரியும் இந்த நிலத்தின்மேல் போடும் தரை அந்த அசைவைத் தாங்கியாக வேண்டும். இப்போது புதிதாக வரும் நகர்களில் பல மனைகள் நேற்றுவரை வயலாக இருந்தவை என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

பேஸ்மென்ட்டுக்குள், அதாவது தரைக்குக் கீழே எழுப்பும் அடித்தளக் கட்டுக்குள், பக்கத்து வயல் மண்ணையே வெட்டிப் போட்டு நிரப்புவது நான் பார்த்தவற்றில் மிகப் பெரிய தவறு. செலவு மிச்சம்போலத் தெரியும். ஆனால் அந்தக் களி உள்ளேயும் தன் குணத்தைக் காட்டும். நிரப்ப மணலோ கிராவலோதான் சரி. அதையும் ஒரே நாளில் லாரி லாரியாகக் கொட்டி மூடக் கூடாது. அரையடி, முக்காலடி உயரத்துக்கு ஒரு அடுக்கு, தண்ணீர் விட்டு நன்றாக இடித்து, அதன்மேல் அடுத்த அடுக்கு. அவசரம் இல்லாத வீடு என்றால், நிரப்பிய பேஸ்மென்ட் ஒரு மழைக்காலத்தைப் பார்க்கட்டும். அமுங்க வேண்டியது அமுங்கிவிடும். அதற்குப் பிறகு போடும் தரையில் வரும் விரிசல் மிகக் குறைவு.

அடுத்தது ஓதம். ஈரம் மண்ணிலிருந்து கான்கிரீட்டின் நுண்துளைகள் வழியாக மேலே ஏறுகிறது. வரும்போது உப்பையும் கரைத்துக்கொண்டு வருகிறது. தண்ணீர் ஆவியாகிப் போக, உப்பு மட்டும் டைல்ஸ் இடுக்கில் வெள்ளையாகப் பூக்கும். இதைத் துடைத்துத் துடைத்து அலுத்துப்போன பெண்கள் டெல்டாவில் எத்தனையோ பேர். துடைப்பதால் இது தீராது. தடுக்க வேண்டிய நேரம் தரை போடும் நேரம்தான்: நிரப்பிய மணலுக்கு மேல், பிசிசி எனும் கம்பியில்லாத கான்கிரீட்டுக்குக் கீழ், 1000 கேஜ் கனமுள்ள பாலித்தீன் ஷீட்டை விரிக்க வேண்டும். அதாவது 250 மைக்ரான். ஷீட்டும் ஷீட்டும் சேரும் இடத்தில் ஓரடி ஒன்றின்மேல் ஒன்று படியட்டும். சுவரோரம் சற்று மேலே மடித்து விடுங்கள். ஒரு வீட்டின் மொத்தச் செலவில் இந்த ஷீட் கணக்கிலேயே வராது. இதை வேண்டாம் என்று கொத்தனார் சொன்னால் கேட்காதீர்கள். வேதாரண்யம், நாகை, பூம்புகார் ஓரங்களில் இன்னொன்றும் உண்டு. போர் தண்ணீர் உப்பாக இருந்தால் அதைக் கலவைக்கும் நீராற்றவும் பயன்படுத்துவது, வெளியிலிருந்து வரும் உப்பை நாமே உள்ளே வைத்துப் பூசுவதுபோல. நல்ல தண்ணீர் லாரிக்குக் காசு கொடுத்துவிடலாம்.

பளபளப்பும் வழுக்கலும்

இப்போது கடைக்குப் போகலாம். பாலிஷ் போட்ட விட்ரிஃபைடு டைல்ஸ் கூடத்துக்கு அழகு. சமையலறையில் எண்ணெய் சிந்தும், கஞ்சி வழியும், மீன் அலசிய தண்ணீர் சொட்டும். அதன்மேல் ஈரக் காலோடு நடக்கப் போவது பெரும்பாலும் வீட்டின் அம்மாவோ பாட்டியோதான். வயதான காலத்தில் இடுப்பெலும்பு முறிந்தால் அந்த வீடே படுத்துவிடும். அதனால் இந்த ஒரு விஷயத்தில் அழகுக்காக விட்டுக்கொடுக்கவே கூடாது.

டைல்ஸ் விவரத்தாளில் ஆர்9, ஆர்10, ஆர்11 என்று ஓர் எண் இருக்கும். எண்ணெய் தடவிய சரிவுப் பலகையில் ஆளை நடக்கவிட்டு, எந்தச் சாய்வில் வழுக்குகிறது என்று பார்த்துத் தரும் எண் அது. ஆர்9 என்பது மிகக் குறைந்த பிடிமானம். சமையலறைக்குப் பளபளப்பில்லாத மேட் ஃபினிஷில் ஆர்10, பாத்திரம் துலக்கும் இடத்துக்கு ஆர்11 கேளுங்கள். அதற்குமேல் சொரசொரப்பாகப் போனால் அழுக்கு ஏறிக்கொள்ளும். தேய்த்துக் கழுவுவது தினப்பாடாகிவிடும். எண் தெரியாத கடையில் ஒரு டைல்ஸ் துண்டைத் தரையில் போட்டு, தண்ணீரும் நல்லெண்ணெயும் ஊற்றி, வெறுங்காலால் மிதித்துப் பாருங்கள்.

சுவர் டைல்ஸைத் தரைக்கு வாங்குவதும் நடக்கிறது, விலை குறைவு என்பதற்காக. சுவருக்கான செராமிக் டைல்ஸ் தன் எடையில் 10 சதவீதத்துக்கும் மேல் தண்ணீர் குடிக்கும். விட்ரிஃபைடு குடிப்பது 0.5 சதவீதத்துக்கும் கீழே. குழவியோ பித்தளை அண்டாவோ கைதவறி விழுந்தால், நுண்துளை மிகுந்த சுவர் டைல்ஸ் அந்த இடத்திலேயே உடையும்.

கல் என்றால் எல்லாம் ஒன்றல்ல

டெல்டாவில் பாறை கிடையாது. பெரிய கோயிலுக்கே கல் வெளியிலிருந்துதான் வந்தது. நம் வீட்டுக்கு வருவதும் அப்படியே, ஆகவே கடைக்காரர் சொல்லும் பெயரை மட்டும் நம்ப வேண்டியிருக்கிறது. மார்பிள், கோட்டா, கடப்பா மூன்றுமே சுண்ணாம்புச் சத்துள்ள கற்கள். புளிக்கரைசல், எலுமிச்சை, மோர் எது பட்டாலும் அந்த இடம் அரிக்கப்பட்டு மங்கும். கடப்பா கல் கருப்பாக, கனமாக இருப்பதால் கிரானைட்போல எதையும் தாங்கும் என்று நினைப்பவர்கள் உண்டு. தாங்காது. சந்தேகம் இருந்தால் துண்டுக் கல்லில் எலுமிச்சைச் சாறு விட்டு ஒரு மணி நேரம் வையுங்கள். துடைத்தபின் தடம் தெரிந்தால் அது சுண்ணாம்புக் கல். கிரானைட்டில் அப்படித் தடம் விழாது. ஆனால் வெளிர் நிறக் கிரானைட் எண்ணெயை உறிஞ்சிக் கறுக்கும், நுண்துளையை அடைக்கும் சீலர் பூச வேண்டும். உப்புத் தண்ணீர் ஊர்களில் கருங்கிரானைட்டில் சொட்டு காய்ந்த இடமெல்லாம் வெள்ளைப் புள்ளி.

பழைய வீடுகளின் சிவப்பு ஆக்சைடு தரை எனக்கு மிகவும் பிடித்தது. இடுக்கே இல்லாத, காலுக்குக் குளிர்ச்சியான தரை. ஆனால் அது தெரிந்த கை வேண்டும். அடிமண் அமுங்கினால் கோடு விழும். விழுந்த கோட்டை நிறம் தெரியாமல் ஒட்டவைக்க முடியாது. ஆத்தங்குடி டைல்ஸ் சூளையில் சுடாத சிமெண்ட் டைல்ஸ். கண்ணாடிமேல் வார்த்து, தண்ணீரில் ஊறவைத்து எடுப்பது. கூடத்துக்கும் பூஜை அறைக்கும் தாராளமாகப் போடுங்கள். அடுப்படியில் எண்ணெய்யும் புளியும் தினமும் படும் என்றால் யோசியுங்கள்.

மரத்தோற்றம் தரும் லேமினேட் பலகை இந்த மண்ணுக்கு வேண்டவே வேண்டாம். கரையானும் ஓதமும் சேர்ந்து அதை முடித்துவிடும். 2018 நவம்பரில் கஜா புயல் கரை கடந்த பகுதி இது. வெள்ளம் உள்ளே வரக்கூடிய வீட்டில், நனைந்தால் ஊதும் பொருளைத் தரையில் போடக் கூடாது. வினைல் ஷீட் தண்ணீரைத் தாங்கும், ஆனால் அடியில் ஈரம் அடைபட்டால் நாற்றம் வரும். தரை காய்ந்ததா என்று பார்க்க ஒரு பாலித்தீன் துண்டின் நாலு பக்கமும் டேப் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். அடியில் நீர் கோத்திருந்தால் இன்னும் காயவில்லை.

போடும் நாளில்

நல்ல டைல்ஸைக் கெடுப்பது பெரும்பாலும் போடும் விதம். விட்ரிஃபைடு தண்ணீர் குடிக்காது என்பதால் வெறும் சிமெண்ட் பால் அதைச் சரியாகப் பிடிப்பதில்லை. ஐ.எஸ். 15477 அச்சிட்ட டைல்ஸ் பசை வாங்கி, பற்கள் உள்ள கரண்டியால் முழுக்க இழுத்துப் போடச் சொல்லுங்கள். நாலு மூலையிலும் நடுவிலும் உருண்டை வைத்து ஒட்டினால் இடையில் வெற்றிடம் நிற்கும். கேஸ் சிலிண்டரை உருட்டும்போது அந்த இடத்தில்தான் விரிசல். மறுநாள் ஒரு காசால் தட்டிக்கொண்டே போங்கள். டொக்கென்று கேட்கும் டைல்ஸை அப்போதே மாற்றச் சொல்லிவிடலாம்.

டைல்ஸையும் டைல்ஸையும் முட்டவிட்டுப் போடக் கூடாது. இரண்டு, மூன்று மில்லிமீட்டர் ஸ்பேசர் வேண்டும். அந்த இடுக்கில் வெள்ளை சிமெண்ட் கிரவுட் போட்டால் மஞ்சள் கறை ஏறி ஒரு வருஷத்தில் பழுப்பாகும். எபாக்சி என்னும் பிசினால் ஆன கிரவுட் விலை கூடுதல்தான், ஆனால் மஞ்சளும் எண்ணெயும் உள்ளே போகாது. அதற்கு வசதியில்லை என்றால் சாம்பல் நிறம் போடுங்கள். எதைப் போட்டாலும் கக்கூஸ் கழுவும் ஆசிட்டைச் சமையலறைப் பக்கம் கொண்டுவராதீர்கள்; சிமெண்ட் இடுக்கை அது தின்றுவிடும்.

நாலுக்கு ரெண்டு அடி டைல்ஸ் இப்போது மோஸ்தர். துலக்கும் இடத்தில் தண்ணீர் ஓட வாட்டம் வேண்டும், அத்தனை பெரிய பலகையை நாலு பக்கமும் சாய்க்க முடியாது. அங்கே ஒன்றுக்கு ஒன்று போதும்.

வாங்கும்போது எல்லாப் பெட்டியிலும் ஒரே பேட்ச் எண், ஒரே ஷேடு எண் இருக்கிறதா என்று பாருங்கள். காரைக்காலில் வாங்கினாலும் கும்பகோணத்தில் வாங்கினாலும் இது பொருந்தும். வெட்டிலும் உடைசலிலும் போக நூற்றுக்குப் பத்து கூடுதலாக எடுங்கள். மிஞ்சிய ஒரு பெட்டியைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிடாமல், பெட்டியின் எண்ணோடு பரண்மேல் ஏற்றி வையுங்கள். அஞ்சு வருஷம் கழித்துக் குழாய் ரிப்பேருக்காகத் தரையை உடைக்க நேர்ந்தால், அந்த டிசைன் அப்போது கடையில் கிடைக்காது.