சான் ஸ்டோரேஜை கிளஸ்டரில் இணைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் மார்த்தாண்டத்தில் ஓர் அலுவலகம். மூன்று சர்வர், ஒரு சான் பெட்டி (பல சர்வர்கள் நெட்வொர்க் வழியாகப் பகிரும் டிஸ்க் பெட்டி), நடுவில் இரண்டு சுவிட்ச். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகாத தம்பி ஒருவன் பிராக்ஸ்மாக்ஸ் கிளஸ்டரில் சானை இணைத்துக்கொண்டிருந்தான். பிராக்ஸ்மாக்ஸ் என்பது சர்வர்களை ஒரு கிளஸ்டராகக் கோத்து, அவற்றின் மேல் விஎம்களை, அதாவது மெய்நிகர் கணினிகளை, ஓட்டும் மென்பொருள். அவன் கை போன போக்கைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. அதே குழியில் நானும் விழுந்தவன்தான்.

ஐபி முகவரியைத் தப்பாக அடிப்பது, கேபிளை மாற்றிச் செருகுவது எல்லாம் இங்கே வேண்டாம். அவை அன்றைக்கே தெரிந்துவிடும்.

ஒரே லன்னில் (சான் பிரித்துத் தரும் டிஸ்கில்) இஎக்ஸ்டி4 போட்டு எல்லா சர்வரிலும் மவுண்ட் செய்வது

"அண்ணே, மூணு சர்வர்லயும் லன் தெரியுது. ஃபார்மேட் பண்ணி மவுண்ட் பண்ணிட்டேன். 'ஷேர்டு' டிக்கும் போட்டாச்சு."

"மக்களே, எதையும் எழுதாத. மொதல்ல அன்மவுண்ட் பண்ணு."

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் மூட்டுவது அந்த டிக்தான். 'இது ஏற்கெனவே பொதுவான ஸ்டோரேஜ்' என்று பிராக்ஸ்மாக்ஸிடம் நாம் சொல்லும் தகவல் அது, அவ்வளவே. பொதுவாக இல்லாததை அது பொதுவாக்காது.

இஎக்ஸ்டி4, எக்ஸ்எஃப்எஸ் இரண்டும் ஃபைல்சிஸ்டம்கள், அதாவது டிஸ்கில் கோப்புகளை அடுக்கும் முறைகள். இரண்டும் ஒரு நேரத்தில் ஒரே சர்வருக்கு என்று எழுதப்பட்டவை. எந்தப் பிளாக் காலி, எது நிரம்பியது என்ற கணக்கை ஒவ்வொரு சர்வரும் தன் மெமரியில் வைத்திருக்கும். அடுத்தவன் டிஸ்கில் எழுதியது அதற்குத் தெரியாது. தோவாளை பூச்சந்தையில் ஒரே கடையின் பேரேட்டை இரண்டு கணக்குப்பிள்ளைகள் விடியற்காலையில் ஆளுக்கொரு நகல் எடுத்துக்கொண்டு, ஒருவரை ஒருவர் கேட்காமல் வரவு வைத்து, கடைசியில் அசல் பேரேட்டின் அதே பக்கத்தில் எழுதினால் என்ன மிஞ்சும்? இங்கே பக்கத்துக்குப் பதில் உங்கள் விஎம்களின் டிஸ்க்.

நாகர்கோவிலில் ஒரு கல்லூரிக்கு நான் இதைத்தான் செய்து கொடுத்தேன். முதல் சில நாள் ஒரு குறையும் இல்லை. ஒரு ராத்திரி டேட்டாபேஸ் விஎம்மை ரீஸ்டார்ட் செய்தார்கள், எழவில்லை. பதறிப்போய் ஃபைல்சிஸ்டத்தைப் பழுதுபார்க்கும் எஃப்எஸ்சிகே கட்டளையை ஓட்டினேன். அது கணக்கை நேர்செய்கிறேன் என்று மிச்சமிருந்ததையும் வெட்டி, வெறும் எண்களைப் பெயராகக் கொண்ட கோப்புகளாக ஒரு மூலையில் குவித்தது. பேக்கப்பும் அதே லன்னில். மாணவர் வருகைக் கணக்கை மூன்று வாரம் உட்கார்ந்து கையால் ஏற்றினோம்.

சரியான வழி: லன் மேல் ஃபைல்சிஸ்டம் வேண்டாம், நேராக எல்விஎம் (டிஸ்கை வால்யூம்களாகப் பிரிக்கும் லினக்ஸ் வசதி) போடுங்கள். விஎம் டிஸ்க் ஒவ்வொன்றும் தனி வால்யூம் ஆகும். அவற்றை உண்டாக்குவதையும் அழிப்பதையும் கிளஸ்டர் பூட்டுப் போட்டு ஒவ்வொன்றாகச் செய்யும். 'ஷேர்டு' டிக்குக்கு இடம் இதுதான். எல்விஎம்-தின் (இடத்தைத் தேவைப்படும்போது மட்டும் ஒதுக்கும் வகை) கூடாது, அதைப் பல சர்வர் பகிர முடியாது. பிராக்ஸ்மாக்ஸ் 8 வரை இந்த முறையில் ஸ்னாப்ஷாட் (விஎம்மின் அந்த நேரத்து நிலையைப் பதிந்து வைப்பது) கிடைக்காது. அந்த இழப்பைத் தாங்கிக்கொள்ளலாம். பிராக்ஸ்மாக்ஸுக்குப் பதில் விஎம்வேர் என்றால் அதன் ஃபைல்சிஸ்டமான விஎம்எஃப்எஸ் இந்தப் பூட்டுவேலையைத் தானே பார்த்துக்கொள்ளும். கோப்பாகவே வேண்டும் என்பவர்கள் என்எஃப்எஸ் (நெட்வொர்க் வழியாகக் கோப்புகளைப் பகிரும் முறை) பக்கம் போகலாம்.

மல்டிபாத் இல்லாமல் எல்விஎம் போடுவது

மல்டிபாத் என்பது ஒரே லன்னுக்குப் போகும் பல பாதைகளை ஒன்றாகக் கட்டும் வசதி. சர்வரிலிருந்து சானுக்கு இரண்டு பாதை இருந்தால் ஒரே லன் எஸ்டிபி, எஸ்டிசி என்று இரண்டு டிஸ்காகக் கண்ணில் படும். புதியவர்கள் எஸ்டிபியை எடுத்து எல்விஎம் போட்டுவிடுவார்கள். ஓடும். ஒரு சுவிட்ச் செத்த அன்றுதான் இரண்டாவது பாதை சும்மா கிடந்தது தெரியும். இரண்டுக்கும் டபிள்யுடபிள்யுஐடி (லன்னின் அடையாள எண்) ஒன்றா என்று பார்த்து, மல்டிபாத்தை அமைத்து, அது தரும் மேப்பர் டிஸ்கின் மேல் எல்விஎம் போடுங்கள். பிறகு ஒரு கேபிளைப் பிடுங்கிப் பாருங்கள். விஎம் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்.

குளோன் செய்த சர்வரில் பழைய இனிஷியேட்டர் பெயர்

இனிஷியேட்டர் பெயர் என்பது சர்வர் தன்னைச் சானிடம் அடையாளம் காட்டும் பெயர். இரண்டு சர்வருக்கு ஒரே பெயர் இருந்தால் சான் இருவரையும் ஒருவராக நினைத்து, ஒன்று உள்ளே வர மற்றதை வெளியே தள்ளும். குளோன் செய்த கையோடு பெயரை மாற்றுங்கள்.

எம்டியு

எம்டியு என்பது நெட்வொர்க்கில் ஒரே பாக்கெட்டாகப் போகும் அதிகபட்ச பைட் அளவு. 9000 என்றால் சர்வர், சுவிட்ச், சான் மூன்றிலும் 9000. துண்டாக்காமல் 8972 பைட் பிங் (மிச்சம் 28 பைட் ஹெடருக்கு) போகிறதா பாருங்கள்.

கரண்ட் வந்ததும் எல்லாவற்றையும் ஒன்றாக ஆன் செய்வது

நம் குமரி மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் அடித்தபோது நாள்கணக்கில் கரண்ட் இல்லை. திரும்ப ஏற்றும்போது முதலில் சுவிட்ச், பிறகு சான். அதன் இரண்டு கன்ட்ரோலரும் முழுதாக எழுந்த பிறகே சர்வர்கள். சர்வர் முந்திக்கொண்டால் டிஸ்க் இல்லாமலே விஎம்களை எழுப்பப் பார்த்து, எல்லாம் எர்ரரில் போய் நிற்கும். இந்த வரிசையைத் தமிழில் எழுதி ரேக் கதவில் ஒட்டுங்கள். ராத்திரி ஜெனரேட்டரைப் போடுகிறவர் பெரும்பாலும் வாட்ச்மேன் அண்ணாச்சிதான்.