ஊரிலிருந்து ஒரு கட்டுச் சுருட்டு

யாழ்ப்பாணம் போகிறோம் என்றதும் மிளகாய்த்தூள், ஒடியல் என்று பட்டியல் நீளும். எல்லாம் அடங்கிய பிறகு வீட்டுப் பெரியவர் ஒருவர் மெல்லக் கூப்பிட்டு, "எனக்கு ஒரு கட்டுச் சுருட்டு" என்பார். சின்ன வேலைதான், ஆனால் பிழைவிட நிறைய இடமுண்டு.

விமான நிலையக் கடையில் கண்ணாடிக்குள் இருக்கும் கியூபாச் சுருட்டையும் ஊர்ச் சுருட்டையும் ஒன்றாக நினைக்கக் கூடாது. அது ஈரப்பதம் பார்த்து மரப்பெட்டியில் வைப்பது. நம்முடையது யாழ்ப்பாணத்தின் வலிகாமப் பகுதிச் செம்மண்ணில் விளைந்து, குடிலில் பொச்சுமட்டை (தேங்காய் மட்டை) புகை குடித்துப் பதப்பட்ட இலை. காரம் கூட. கோடா என்ற மணச்சாறு போட்ட சுருட்டென்றால் வாசனையே வாசலில் நின்று கூப்பிடும். அதனால் பத்தப் போகிறவர், அதாவது புகைக்கப் போகிறவர், யார் என்பதைத்தான் முதலில் யோசிக்க வேண்டும்.

போன முறை சந்தைப் பக்கம் ஒரு சின்னக் கடையில் நின்றேன். கடைக்கார ஐயா விலை சொல்லவில்லை. "தம்பி, பத்துறது ஆர்? நீங்களோ, அப்பாவோ?" என்றார். அப்பா என்றேன். "எத்தினை வருஷமா வெளியில இருக்கிறார்?" முப்பது என்றதும் கையிலிருந்த கட்டைத் திரும்ப வைத்துவிட்டு வேறொன்றை எடுத்தார். "அப்ப இது காணும். மற்றது தலை சுத்தும்." இப்படிக் கேட்கிற கடையில் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்.

மற்றக் கடைகளில் கண்ணைத் திறந்துதான் வாங்க வேண்டும். கட்டை அவிழ்த்துக் காட்டச் சொல்லுங்கள். தயங்கினால் அடுத்த கடை. ஒரு சுருட்டை எடுத்து இரண்டு விரலால் நுனியிலிருந்து அடிவரை மெதுவாக அமத்திப் பாருங்கள். ஓரிடத்தில் பொதபொதவென்று அமிழ்ந்தால் உள்ளே இலை குறைவு, அந்த இடத்தில் வேகமாக எரிந்து சுடும். மரக்கட்டை போல இறுகி இருந்தால் இழுபடாது. காதருகே வைத்து உருட்டும்போது சருகு போல நொறுங்கினால் காய்ந்துவிட்டது. பிறகு மூக்கு. நல்ல இலையில் புகை மணமும் ஒரு இனிப்பும் இருக்கும். மூக்கை அரிக்கிற நவச்சார நெடி அடித்தால் இலை இன்னும் பதப்படவில்லை. பச்சையாகவோ சாம்பலாகவோ பஞ்சு போல ஒட்டியிருப்பது பூஞ்சணம், துடைத்துத் தந்தாலும் வேண்டாம்.

ஊசியால் குத்தியது போன்ற துளைகளையும் தேடுங்கள். அது புகையிலை வண்டின் வேலை. முதல்முறை நான் கட்டைப் பிரிக்காமலே வாங்கி வந்தேன். இரண்டு மாதம் கழித்துத் திறந்தால் பாதிச் சுருட்டு சல்லடை, அடியில் மெல்லிய தூள்.

இலங்கையில் 21 வயதுக்குக் குறைந்தவருக்குப் புகையிலைப் பொருள் விற்கக் கூடாது, 2006ஆம் ஆண்டுச் சட்டம். மகனைக் கடைக்கு அனுப்பிவிட்டு ஆட்டோவில் காத்திருக்க வேண்டாம். கையோடு ஒரு பில்லும் எழுதி வாங்குங்கள், சுங்கத்தில் உதவும்.

எத்தனை வாங்கலாம் என்பதை ஆசை முடிவு செய்யாது, திரும்பிப் போகும் நாடுதான் முடிவு செய்யும். பிரித்தானியாவுக்கு வேறு புகையிலை எதுவும் இல்லாவிட்டால் 50 சுருட்டு. கனடாவுக்கும் 50, ஆனால் 48 மணி நேரமாவது நாட்டுக்கு வெளியே இருந்திருக்க வேண்டும். பிள்ளைகளின் பங்கையும் சேர்த்து எண்ணுகிற நம் கணக்கு இங்கே செல்லாது. அவுஸ்திரேலியாவில் எல்லாப் புகையிலையும் சேர்த்து 25 கிராம்தான். நிறுத்துப் பார்த்தால் சில சுருட்டுகளோடு முடிந்துவிடும். கூடினால் மிச்சத்துக்கு மட்டுமல்ல, முழுவதற்கும் தீர்வை. சிங்கப்பூரில் இறங்கி ஊருக்குள் போகிறவர்களுக்குச் சலுகையே இல்லை, ஒரு சுருட்டானாலும் சொல்லித் தீர்வை கட்ட வேண்டும். விதிகள் மாறக்கூடியவை, பயணத்துக்கு முன் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

அப்புறம், பெட்டி அடுக்குவது. புகையிலை பக்கத்திலிருக்கும் மணத்தை எல்லாம் குடிக்கும். கருவாட்டோடும் மிளகாய்த்தூளோடும் ஒரே பெட்டியில் போட்டால் கருவாட்டுச் சுருட்டுத்தான் கிடைக்கும். ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் இறுக்கி மூடிக் கைப்பையில் வையுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் வண்டுக்கு வைத்தியம்: சுருட்டைக் காற்றுப் புகாத பையில் கட்டி மூன்று நாள் ஃப்ரீசரில், பிறகு ஒரு நாள் ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில், அதன் பிறகுதான் வெளியே. நேரே வெளியில் எடுத்தால் மேலிலை வெடிக்கும். பையில் பெயர் எழுதி ஒட்டுங்கள். எங்கள் வீட்டில் அம்மா அதைக் கருவாடென்று நினைத்துத் தண்ணீரில் ஊறப்போடப் போய், அப்பா ஓடிவந்து பறித்தார்.