ஏற்காட்டில் நட்சத்திரம் பார்க்க இடமும் நேரமும் தேர்ந்தெடுப்பது எப்படி?

சேலத்து விளக்குகள் அழகாகத் தெரியும் இடத்தில் நட்சத்திரம் சரியாகத் தெரியாது. ஏற்காட்டுக்குப் புதிதாக வானம் பார்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் நேராகப் போய் நிற்பது லேடீஸ் சீட் என்ற காட்சிமுனையில்தான். கீழே நகரம் நகைக்கடை போல மின்னும். அந்த வெளிச்சமே மேலே ஏறி, தெற்கு வானத்தின் அடிப்பாதியை வெளுக்கச் செய்துவிடும்.

உயரம் இருந்தால் போதும் என்ற நம்பிக்கைதான் இங்கே முதல் பிழை. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகம் அமைந்திருப்பது ஏறக்குறைய 700 மீட்டரில்தான். அங்கே 1986 முதல் 2.34 மீட்டர் தொலைநோக்கி இயங்குகிறது. காவலூரின் பலம், சுற்றிலும் காடு இருப்பதும் பெருநகரம் பக்கத்தில் இல்லாததும். ஏற்காட்டிலிருந்து சேலம் நேர்கோட்டில் 15 கிலோமீட்டர்தான். அதனால் நாம் திசை பார்த்து, திதி பார்த்துத்தான் போக வேண்டும்.

படி 1: தினசரி காலண்டரில் இருட்டைத் தேடுங்கள்

செயலி எதுவும் தேவையில்லை. சுவரில் தொங்கும் காலண்டரில் திதி இருக்கிறது. வளர்பிறை அஷ்டமியன்று நிலா நள்ளிரவையொட்டி மறையும். தேய்பிறை அஷ்டமியன்று நள்ளிரவையொட்டி உதிக்கும். ஒரு திதி கூடினால் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். இந்தக் கணக்கு ஒன்றே போதும்.

மாலை 7.30 முதல் 10.30 வரை பார்ப்பதாக இருந்தால் தேய்பிறை சஷ்டி தொடங்கி, அமாவாசை தாண்டி, வளர்பிறை திருதியை வரை நல்ல நாட்கள். விடியலுக்கு முன் 3 மணிக்கு எழுந்து பார்க்கிறவர்களுக்கு வளர்பிறை ஏகாதசி வரைகூடப் பரவாயில்லை. அதற்குள் நிலா மறைந்திருக்கும்.

ஆண்டின் மிக நல்ல இரவுகளில் ஒன்றை நம் காலண்டர் தானே காட்டிக்கொடுக்கிறது: மகா சிவராத்திரி. தேய்பிறை சதுர்த்தசி என்பதால் விடியும் தருவாயில்தான் கீற்று நிலா வரும். மழைக்காலமும் முடிந்திருக்கும். எப்படியும் கண்விழிக்கிற வீடுகளில் அன்று மொட்டைமாடிக்கு ஏறாமல் இருப்பது வீண். இதற்கு நேர் எதிர் திருக்கார்த்திகை. அன்று முழுநிலாவே கார்த்திகைக் கொத்துக்குப் பக்கத்தில் வந்து நின்று அதை மறைத்துவிடும்.

படி 2: மாதத்தைத் தேர்ந்தெடுங்கள்

தை பிற்பாதியிலிருந்து பங்குனி வரை. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை. மார்கழியில் மழை குறைந்தாலும் மூடுபனி விடாது. சித்திரை, வைகாசியில் மாலை இடிமழை வரும், கோடை விழாக் கூட்டமும் வண்டி விளக்குகளும் சேர்ந்துகொள்ளும். ஆனி முதல் புரட்டாசி வரை மேகத்தை நம்பிப் பயணம் போடாதீர்கள்.

பங்குனியில் ஒரு தொல்லை உண்டு: தூசியும் புகையும். பகலில் ஒரு சோதனை செய்யலாம். சுவர் விளிம்பு சூரியனை முழுவதும் மறைக்கும்படி நிழலில் நின்று, சூரியனைச் சுற்றியுள்ள வானத்தைப் பாருங்கள். விளிம்பு வரை நீலமாக இருந்தால் காற்று சுத்தம். பெரிய வெள்ளை வட்டம் இருந்தால் இரவிலும் அந்த மங்கல் இருக்கும். மழை பெய்து தூசி அடங்கி, காற்றடித்து மேகம் கலைந்த இரவு கிடைத்தால் விடாதீர்கள்.

படி 3: நகரத்துக்கு முதுகைக் காட்டும் இடம்

ஏற்காட்டிலிருந்து பார்த்தால் சேலம் தெற்கிலிருந்து சற்று மேற்கே விலகி இருக்கிறது. ஆக, கெட்டுப்போன பகுதி தென்மேற்குத் தாழ்வானம். நல்ல பகுதி வடக்கு, கிழக்கு, தலைக்கு நேர் மேலே. தங்குமிடம் பதிவு செய்யும்போதே ஊருக்கு வடக்கே, சேர்வராயன் கோயில், நாகலூர் பக்கமாகத் தேடுங்கள். ஏரியைச் சுற்றியுள்ள விடுதிகள் வேண்டாம். அங்கே தெருவிளக்கும் அதிகம், பள்ளத்தில் பனியும் தேங்கும். இரவில் குளிர்ந்த காற்று கனமாகிச் சரிவில் இறங்கிப் பள்ளத்தில் சேர்வதால், மூட்டம் முதலில் பிடிப்பது அங்கேதான். சரிவின் மேற்பகுதியில் உள்ள வீடு நல்லது.

கைபேசியில் சாட்டிலைட் படத்தைத் திறந்து மூன்றைப் பாருங்கள்: மாடி மரங்களுக்கு மேலே இருக்கிறதா, தெற்குப் பக்கம் மேடோ கட்டடமோ மறைக்கிறதா, 100 மீட்டருக்குள் சாலை விளக்கு இருக்கிறதா. தெற்கே ஒரு மேடு இருந்தால் அது குறையல்ல. சேலத்து வெளிச்சத்துக்கு அதுவே திரை. பிறகு தொலைபேசியில் ஒரே கேள்வி: “மாடி விளக்கையும் வெளி விளக்கையும் இரவு அணைத்து வைப்பீர்களா?” ஆள் நடந்தால் எரியும் சென்சார் விளக்கு இருக்கிறதா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நாய் நடந்தால்கூட அது எரியும்.

இணையத்தில் கிடைக்கும் ஒளி மாசு வரைபடங்கள் உதவும். முழுதாக நம்ப வேண்டாம். அவற்றில் பல பயன்படுத்தும் செயற்கைக்கோள் கருவிக்கு நீல ஒளி சரியாகப் பிடிபடாது. வெள்ளை எல்இடி விளக்குகளில் நீலம் அதிகம். அதனால் நகரத்து ஓரங்கள் வரைபடத்தில் இருப்பதைவிட நேரில் வெளுப்பாகவே இருக்கும்.

காட்டுக்குள்ளோ எஸ்டேட்டுக்குள்ளோ இரவில் நுழைய வேண்டாம். அனுமதி ஒரு பக்கம் இருக்கட்டும். காபித் தோட்டங்களில் காட்டெருமை நடமாட்டம் உண்டு, இருட்டில் அது நிற்பதே தெரியாது. தொடக்கத்தில் இருப்பவர்களுக்கு மொட்டைமாடிதான் சரி.

தெற்கு வானம்தான் முக்கியம் என்றால் வாழப்பாடி, தும்பல் வழியாகக் கல்வராயன் மலைப்பக்கம் கருமந்துறை போகலாம். அங்கிருந்து பார்த்தால் சேலம் மேற்கே ஒதுங்கிவிடும்.

படி 4: புறப்படும் நாளில் மூட்டக் கணக்கு

பாலைவன ஊர்களுக்கு எழுதிய குறிப்புகளைப் படித்துவிட்டு வருகிறவர்கள் தவறுவது இங்கேதான். அங்கே எதிரி மணல் தூசி, இங்கே ஈரம். வானிலைச் செயலியில் மழை வாய்ப்பைப் பார்ப்பதோடு நிறுத்தாமல், வெப்பநிலையையும் பனிநிலையையும் (dew point, காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) அடுத்தடுத்து எழுதிக் கழியுங்கள். எடுத்துக்காட்டாக இரவு 10 மணிக்கு 16 டிகிரி, பனிநிலை 11 என்றால் 5 டிகிரி இடைவெளி, நல்லது. 2 டிகிரிக்குக் கீழே போனால் மூட்டம் வரும் என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஏற்காட்டுக்கே உரிய முன்கணிப்பாக இருக்கட்டும். 1,200 மீட்டருக்கு மேல் கீழே இருக்கும் சேலத்துக் கணக்கு மேலே பொருந்தாது.

இன்சாட் படங்களில் இரவு மேகம் பார்ப்பது அகச்சிவப்புப் படத்தில். உயரமான மேகம் குளிர்ந்திருப்பதால் பளிச்சென்று தெரியும். தரையோடு கிடக்கும் மூடுபனிக்குத் தரையின் வெப்பமே இருப்பதால் அதில் தெரியாது. படம் சுத்தமாக இருந்தும் மேலே போனால் கைநீட்டம் தெரியாத பனி இருப்பதற்குக் காரணம் அதுதான்.

படி 5: வெளிச்சத்திலேயே மேலே ஏறிவிடுங்கள்

சேலத்திலிருந்து ஏறும் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். மாலை 4.30க்குள் சேர்ந்துவிட்டால் திசை குறிக்க நேரம் கிடைக்கும். கைபேசித் திசைகாட்டியைக் கார் அருகிலோ இரும்புக் கைப்பிடி அருகிலோ வைக்காதீர்கள், முள் விலகும். மாடியின் வடக்கு, தெற்குச் சுவர்களில் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள்.

அளவுகோல் உங்கள் கைதான். கையை முழுவதும் நீட்டி விரல்களை முட்டியாக மடக்கினால் அதன் அகலம் 10 டிகிரி. துருவ நட்சத்திரம் இங்கே வடக்கு அடிவானத்திலிருந்து 12 டிகிரிக்குச் சற்றுக் குறைவான உயரத்தில் இருக்கும். ஒரு முட்டிக்குக் கொஞ்சம் மேலே. வடக்கில் சில்வர் ஓக் மரம் நின்றால் தெரியாது. தெரியவில்லையே என்று வருந்தவும் வேண்டாம், அது அத்தனை பிரகாசமான நட்சத்திரம் அல்ல.

சூரியன் மறைந்து ஒன்றேகால் மணி நேரம் கழித்துத்தான் முழு இருட்டு. தை மாதத்தில் அது சுமார் 7.30.

படி 6: கண்ணுக்கு அரைமணி நேரம் கொடுங்கள்

இருட்டுக்குக் கண் பழக 20 முதல் 30 நிமிடம். வாட்ஸாப்பை ஒருமுறை திறந்தால் மறுபடி முதலிலிருந்து. டார்ச்சின் முகத்தில் சிவப்புக் கண்ணாடித்தாளை மூன்று நான்கு மடிப்பாகச் சுற்றி ரப்பர் பேண்ட் போடுங்கள். தரையில் போட்டால் காலடி மட்டும் தெரியும் அளவு போதும்; உள்ளங்கையில் அடித்துப் பார்த்துக் கண் கூசினால் இன்னொரு மடிப்பு. கார்க் கதவைத் திறந்தால் எரியும் உள்விளக்கை முன்கூட்டியே அணைத்துவிடுங்கள்.

பிறகு கார்த்திகைக் கொத்தை எண்ணுங்கள். வெறும் புகைத்திட்டாகத் தெரிந்தால் வானம் மங்கல், அல்லது கண் பழகவில்லை. ஆறு எண்ண முடிந்தால் நல்ல வானம். ஏழுக்கு மேல் போனால் அன்று தூங்கப் போகாதீர்கள்.

படி 7: எதை, எப்போது

தை, மாசி மாலைகளில் மிருகசீரிடமும் சிவந்த திருவாதிரையும் தலைக்கு மேலே. மூன்று நட்சத்திர வரிசைக்குக் கீழே பைனாகுலரைத் திருப்பினால் ஓரியன் நெபுலா என்ற வாயு மேகம் சாம்பல் நிறப் பஞ்சு போலத் தெரியும். நிறம் எதிர்பார்க்காதீர்கள், புகைப்படத்து நிறம் மங்கலான ஒளியில் கண்ணுக்கு வராது. பிப்ரவரி இரண்டாம் வாரத்தில் இரவு 9.20 வாக்கில் அகத்தியர் நட்சத்திரம் நேர் தெற்கே, இரண்டரை முட்டி உயரத்தில் நிற்கும். வானத்தில் இரண்டாவது பிரகாசமான நட்சத்திரம் என்பதால் சேலத்து வெளிச்சம் அதை ஒன்றும் செய்வதில்லை.

தெற்குச் சிலுவை என்ற நட்சத்திரக் கூட்டத்துக்குத்தான் திட்டம் வேண்டும். அது உச்சிக்கு வந்தாலும் இரண்டு முட்டி உயரத்தைத் தாண்டாது. உச்சிக்கு வரும் நேரம்: பிப்ரவரி நடுவில் அதிகாலை 3 மணி, மார்ச் 20 வாக்கில் நள்ளிரவு 12.45, ஏப்ரல் 20 வாக்கில் இரவு 10.45. ஏற்காட்டிலிருந்து பார்க்கும்போது அதற்கு ஒரு மணி நேரம் முன்பே பாருங்கள். அப்போது சிலுவை தெற்கிலிருந்து சற்றுக் கிழக்கே, இடப்பக்கம் சாய்ந்து நிற்கும். உயரம் கொஞ்சம் குறைவுதான், ஆனால் நகர வெளிச்சத்திலிருந்து விலகி இருக்கும். உச்சி தாண்டிவிட்டால் நேராகச் சேலத்து மேல்தான் இறங்கும்.

பால்வீதியின் மையப்பகுதி பங்குனியில் அதிகாலை 3 முதல் 5 வரை தென்கிழக்கில். கேட்டையின் சிவப்பைக் கண்டுபிடித்து, தேள் வாலைத் தொடர்ந்து இடப்பக்கம் வந்தால் அந்த மங்கலான பட்டை கிடைக்கும். நேராக உற்றுப் பார்க்காமல் கொஞ்சம் ஓரப் பார்வையில் பாருங்கள். மங்கல் ஒளியை உணரும் செல்கள் விழித்திரையின் நடுவில் இல்லை, சுற்றிலும்தான் இருக்கின்றன.

கருவியும் பனியும்

தொலைநோக்கி இப்போது வேண்டாம். 10×50 (10 மடங்கு, 50 மி.மீ. லென்ஸ்) பைனாகுலர் ஒன்று போதும். 10 மடங்குக்கு மேல் போனால் கை நடுக்கமும் பெரிதாகும். நின்றுகொண்டு பார்த்தால் பத்து நிமிடத்தில் கழுத்து பிடிக்கும். தார்ப்பாய், அதன்மேல் பாய், மேலே கம்பளி. அடியில் தார்ப்பாய் இல்லாவிட்டால் பனியில் எல்லாம் நனையும். ஜனவரி இரவில் 12, 13 டிகிரிக்கு இறங்கும், அசையாமல் படுத்திருப்பவருக்கு அது இன்னும் குளிரும். குல்லாவும் சாக்ஸும் எடுத்துக்கொள்ளுங்கள்.

லென்ஸில் பனி படிந்தால் துடைக்காதீர்கள், தூசியோடு சேர்த்துக் கீறல் விழும். முன்னெச்சரிக்கையாகக் கறுப்பு அட்டையை லென்ஸின் விட்டத்தைப்போல் ஒன்றரை மடங்கு நீளத்துக்குக் குழாயாகச் சுருட்டி முன்னால் மாட்டுங்கள். படிந்தே விட்டால் ஸ்வெட்டருக்குள் ஐந்து நிமிடம் வைத்தால் போய்விடும். பார்த்து முடித்ததும் பைனாகுலரை வெளியிலேயே பைக்குள் வைத்து மூடி, அப்புறம் அறைக்குள் கொண்டுபோங்கள். குளிர்ந்த கண்ணாடி அறையின் ஈரக்காற்றைச் சந்தித்தால் உள்லென்ஸ்வரை நீர் கோக்கும். ஒரு மணி நேரம் கழித்துப் பையைத் திறந்து, சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றைப் போட்டு வையுங்கள்.