டிக்கெட் கிடைத்தால் மட்டும் போதாது: மைதானத்துக்கு அழைத்துப் போகும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சேப்பாக்கத்தில் விளக்குகள் எரியத் தொடங்கும் நேரம். கேலரிப் படி ஏறி வந்த ஒரு பிள்ளை, முதல் முறையாக அந்தப் பச்சையைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றுவிடும். பின்னால் வருகிறவர்கள் முட்டிக்கொள்வார்கள். டிவியில் கையளவு தெரிந்த இடம் இவ்வளவு பெரிதா என்று அதற்கு நம்ப முடியாது. அந்த முகத்தை ஒரு தடவை பார்த்தவர்களால் இந்த வேலையை விட முடியாது. காப்பகத்துப் பிள்ளைகள், முதியோர் இல்லத்தில் இருப்பவர்கள், மாற்றுத்திறனாளிகள் என்று டிக்கெட் வாங்க வழியில்லாதவர்களை நானும் நண்பர்களும் சில வருடங்களாகப் போட்டிகளுக்கு அழைத்துப் போகிறோம். நல்ல மனதோடு இதில் இறங்குகிறவர்கள் எங்கே சறுக்குகிறார்கள் என்பதை எழுதுகிறேன். இதில் பாதிக்கு மேல் நாங்களே செய்த தவறுகள்.

இது புதிய யோசனை இல்லை. மீந்துபோகும் டிக்கெட்டை வசதியில்லாத பிள்ளைகளுக்குச் சேர்க்கும் அமைப்பு ஒன்று அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் 1994-லேயே தொடங்கியது. படைவீரர்களுக்கென்று ‘வெட் டிக்ஸ்’ அங்கே 2008-ல் வந்தது. நம் நாட்டில் பெரிய அளவில் நடப்பது மும்பையில். அங்கே மும்பை இந்தியன்ஸ் அணி, ஒவ்வொரு ஐபிஎல் சீசனிலும் ஒரு போட்டியைத் தொண்டு நிறுவனங்களின் பிள்ளைகளுக்காக ஒதுக்குகிறது. வான்கடே அரங்கில் 18 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் உட்கார்ந்திருப்பார்கள். அதில் எனக்குப் பிடித்தது எண்ணிக்கை மட்டும் இல்லை. அன்றைக்கு அந்தப் பிள்ளைகள்தான் கூட்டமே. பணம் கொடுத்து வந்தவர்கள் நடுவில் ‘இலவசமாக வந்தவர்கள்’ என்று யாரும் தனியாகத் தெரிவதில்லை. நாம் 20 பேரைக் கூட்டிக்கொண்டு போகும்போது இந்த ஒன்றைத்தான் கோட்டை விடுகிறோம்.

கேட்காமல் முடிவு செய்வது

டிக்கெட் கிடைத்துவிட்டது, யாரைக் கூட்டிப் போகலாம் என்று ஆள் தேடுவதுதான் வழக்கம். அவர்களுக்கு என்ன பிடிக்கும் என்று கேட்பதே இல்லை. வியாசர்பாடியில் கால்பந்து எப்படி ஊறிப்போயிருக்கிறது என்று சென்னையில் எல்லோருக்கும் தெரியும், அதைக் குட்டி பிரேசில் என்றுதான் சொல்வார்கள். அந்தப் பக்கத்துப் பையன்கள் சிலரை ஒரு கிரிக்கெட் போட்டிக்கு அழைத்துப் போனோம். மரியாதையாக உட்கார்ந்து பார்த்தார்கள். பத்தாவது ஓவரில் ஒருவன் என்னிடம் மெதுவாக, “அண்ணா, ஃபுட்பால் மேட்சுக்கு இந்த மாதிரி கூட்டிட்டுப் போவீங்களா?” என்று கேட்டான். முந்தின வாரமே நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.

ஐபிஎல் தவிர வேறெதுவும் போட்டியே இல்லை என்று நினைப்பதும் இதோடு சேர்ந்த தவறுதான். 2025 செப்டம்பரில் ஐபிஎல் டிக்கெட்டுக்கான ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 40 சதவீதம் ஆனது. அடிப்படை விலை 1000 ரூபாய் என்றால் கையிலிருந்து 1400 போகும். அதுவும் சென்னை அணியின் ஆட்டத்துக்கு, காசு இருந்தாலும் டிக்கெட் கிடைக்காது. ஆனால் 2025 நவம்பர், டிசம்பரில் சென்னையிலும் மதுரையிலும் இளையோர் உலகக் கோப்பை ஹாக்கி நடந்தது, நுழைவு இலவசம். இந்தியா வெண்கலம் வென்ற போட்டித் தொடர் அது. 2024 ஜூனில் சேப்பாக்கத்தில் இந்தியப் பெண்கள் அணி தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக 603 ரன் குவித்தது, பெண்கள் டெஸ்ட் வரலாற்றிலேயே அதுதான் அதிகம். ஷஃபாலி வர்மா 205 அடித்த அந்த நாளை, காப்பகத்தில் மட்டை பிடிக்க ஆசைப்படும் ஒரு பெண் குழந்தை நேரில் பார்த்திருந்தால் எப்படி இருந்திருக்கும்! டிஎன்பிஎல் (தமிழ்நாடு பிரீமியர் லீக்) ஆட்டங்கள் திண்டுக்கல், சேலம், திருநெல்வேலி, கோவை என்று ஊர் ஊராக நடக்கின்றன. சென்னைக்கு வர முடியாதவர்களை அவர்கள் ஊர்ப் பக்கத்திலேயே அழைத்துப் போகலாம்.

டிக்கெட்டோடு கணக்கை முடிப்பது

இதுதான் பெரிய தவறு. ஒருவர் 30 டிக்கெட் கொடுக்கிறார் என்றால் உடனே சரி என்று சொல்லாதீர்கள். வேன் யார் செலவு? சாப்பாடு? 30 பிள்ளைகளுக்கு எத்தனை பெரியவர்கள்? டிக்கெட்டின் விலை எவ்வளவோ, கிட்டத்தட்ட அவ்வளவு பணம் மற்ற செலவுகளுக்கும் வேண்டும் என்று வைத்துக்கொண்டு தொடங்குங்கள். இந்தக் கணக்கைப் போடாமல் காப்பகத்தின் தலையில் வேன் செலவைக் கட்டிவிட்டு, ‘நாங்கள் அழைத்துப் போனோம்’ என்று சொல்லிக்கொள்கிறவர்கள் உண்டு. அப்படிச் செய்யாதீர்கள். சில சீசன்களில் சேப்பாக்கம் ஐபிஎல் டிக்கெட்டைக் காட்டினால் மாநகரப் பேருந்தில் இலவசமாகப் போய் வர முடிந்தது. அந்த வருடம் அந்த ஏற்பாடு உண்டா என்று முன்கூட்டியே விசாரியுங்கள்.

அடுத்தது நேரம். இரவு ஆட்டம் ஏழரைக்குத் தொடங்கினால் முடிய பதினொன்று தாண்டும். வாலாஜா சாலையிலிருந்து கூட்டத்தோடு நகர்ந்து வேனைப் பிடித்து, திருவள்ளூர் பக்கம் போய்ச் சேர நள்ளிரவு தாண்டிவிடும். மறுநாள் பள்ளி. அதனால் வார நாள் இரவு ஆட்டத்துக்குச் சின்னப் பிள்ளைகளை நாங்கள் அழைப்பதே இல்லை. பகல் ஆட்டம் மூன்றரைக்கு, சித்திரை வெயிலில். வயதானவர்களுக்கு அது ஆகாது. நிழல் விழும் பக்கம் எது என்று பார்த்து அந்த ஸ்டாண்டில் கேளுங்கள். அங்கே இடம் இல்லை என்றால் அந்த ஆட்டத்தை விட்டுவிடலாம்.

கேட்டில் நடப்பதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. தண்ணீர் பாட்டில், பை, பவர் பேங்க், வெளிச் சாப்பாடு எதையும் பெரும்பாலும் உள்ளே விட மாட்டார்கள். இன்சுலின், இன்ஹேலர், மாத்திரை வைத்திருப்பவர்களுக்கு மருத்துவர் சீட்டு கையில் இருக்கட்டும். பெண் பிள்ளைகள் வந்தால் இரண்டு பொறுப்பாளர்களிடமாவது சானிட்டரி நாப்கின் இருக்க வேண்டும். கேட்டில் ஆண் காவலர் பையைக் கொட்டிப் பார்க்கும் நிலை வராமல் பெண் பொறுப்பாளரே அதை எடுத்துப் போகட்டும். வரிசையில் நிற்கும் முன் எல்லோரும் கழிப்பறை போய்விட்டு வரட்டும், உள்ளே போனதும் அது எங்கே என்று காட்டிவிடுங்கள். ஒரு பாட்டி, கழிப்பறை தூரம் என்று தெரிந்ததும் அந்த மாலை முழுக்கத் தண்ணீரே குடிக்கவில்லை. கேட்டபோது, “தாகமில்ல கண்ணு” என்றார். வீட்டுக்குப் போகும் வழியில்தான் உண்மையைச் சொன்னார்.

இப்போது டிக்கெட் எல்லாம் கைபேசியில் கியூஆர் குறியாக வருகிறது. கொடுத்தவர் அதே குறியை இன்னொருவருக்கும் அனுப்பிவிட்டால், முதலில் வந்தவர் உள்ளே போய்விடுவார், அடுத்தவரைக் கேட்டில் நிறுத்துவார்கள். எங்களுக்கு அப்படி நடந்து இரண்டு பிள்ளைகள் வெளியே நின்றார்கள். அவர்களோடு நானும் ஆட்டம் முடியும் வரை வெளியே உட்கார்ந்திருந்தேன். உள்ளே ஒவ்வொரு சத்தம் வரும்போதும் அவர்கள் என் முகத்தைப் பார்த்தார்கள். அன்றிலிருந்து, டிக்கெட்டை எங்கள் பெயருக்கு முறையாக மாற்றிக் கொடுத்தால்தான் வாங்குகிறோம். ஸ்கிரீன்ஷாட் வேண்டாம் என்று நேரடியாகவே சொல்லிவிடுகிறோம்.

போட்டோ, பேனர்

இதைச் சொல்லாமல் விட முடியாது. ஒரு முறை செலவில் ஒரு பங்கை ஏற்றுக்கொண்டவர் பெரிய பேனரோடு வந்துவிட்டார். ‘ஆதரவற்ற குழந்தைகள்’ என்று கொட்டை எழுத்தில் இருந்தது. கேட்டுக்கு வெளியே, நூற்றுக்கணக்கானவர்கள் போய் வரும் இடத்தில், பிள்ளைகளை அதன் பின்னால் வரிசையாக நிறுத்தினார்கள். எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் தொப்பியை மூக்கு வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டான். வெயிலுக்காக என்றுதான் நினைத்தேன். உள்ளே போனதும் சொன்னான்: “ஸ்கூல்ல யாருக்கும் நான் ஹோம்ல இருக்கேன்னு தெரியாதுண்ணா.” முதல் ஐந்து ஓவர் அவன் ஆட்டத்தைப் பார்க்கவில்லை. சுற்றி உட்கார்ந்திருப்பவர்களில் தெரிந்த முகம் இருக்கிறதா என்று தேடிக்கொண்டிருந்தான்.

இதில் சட்டமும் இருக்கிறது. 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், 74-ஆம் பிரிவு: பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையின் பெயர், முகவரி, பள்ளி, படம் என்று அடையாளம் தெரியும் எதையும் ஊடகத்தில் வெளியிடக் கூடாது. மீறினால் 6 மாதம் வரை சிறை, 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சமூக வலைதளத்தில் போடுகிற படத்துக்கு என்ன வந்துவிடும் என்று நினைக்காதீர்கள். காப்பகத்துப் பிள்ளைகளை வெளியே அழைத்துப் போவதற்கே இல்லக் கண்காணிப்பாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும், குழந்தைகள் நலக் குழுவுக்குத் தெரியப்படுத்த வேண்டுமா என்பதையும் அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

பண உதவி செய்கிறவர் படம் கேட்பார். கேட்பது இயல்புதான். காலி இருக்கைகளின் படம், பின்னாலிருந்து எடுத்த கொடிகளின் படம், டிக்கெட் ரசீது, வேன் ரசீது என்று அனுப்புங்கள். இதில் திருப்தி ஆகாதவரின் பணம் நமக்கு வேண்டாம் என்று நாங்கள் முடிவு செய்து சில வருடம் ஆகிறது. ஒரே மாதிரி டி-ஷர்ட் போட்டு அனுப்புவதும் இதே வகைதான். தொலையாமல் பார்த்துக்கொள்ள வசதி என்பார்கள். மஞ்சள் சட்டைக் கூட்டத்தில் மஞ்சள் சட்டை போட்டுவிடுங்கள். பொறுப்பாளரின் எண்ணைச் சீட்டில் எழுதிச் சட்டைப் பையில் வைத்தால் போதும். ‘ஓசி டிக்கெட்’ என்ற வார்த்தை விளையாட்டுக்குக்கூட யார் வாயிலும் வரக் கூடாது.

இடத்தை நேரில் பார்க்காமல் விடுவது

சக்கர நாற்காலியில் வருபவருக்கு ‘சாய்தளம் உண்டு’ என்று போனில் சொல்வதை நம்பாதீர்கள். போய்ப் பாருங்கள். சாய்தளம் இருக்கும், அது வேறு கேட்டில் இருக்கும். அந்தக் கேட் பூட்டியிருக்கும், சாவி யாரிடம் என்று தெரியாது. உள்ளே இடம் கொடுப்பார்கள், முன்வரிசைக்காரர்கள் எழுந்து நின்றால் ஒன்றும் தெரியாது. கூட வருபவருக்கு வேறு பிளாக்கில் டிக்கெட் இருக்கும். போட்டிக்கு இரண்டு நாள் முன்னால் ஒருவர் போய்ப் பார்த்து, பொறுப்பான அதிகாரியின் எண்ணை வாங்கி வைத்தால் இதில் பெரும்பகுதி தீரும்.

பார்வையில்லாத நண்பர் ஒருவரிடம் நான் கற்றுக்கொண்டது அதிகம். ஐபிஎல் டிக்கெட் கிடைத்ததும் சந்தோஷமாக அவரைக் கூப்பிட்டேன். ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, “உள்ளூர் லீக் மேட்ச் இருந்தா சொல்லுங்க” என்றார். ஏன் என்று கேட்டால், “பந்து மட்டையோட நடுவுல பட்டுச்சா, ஓரத்துல பட்டுச்சான்னு சத்தத்துலயே தெரியும். பாட்டுப் போட்டு அதை அமுக்கிடுறாங்க.” கைபேசியில் வர்ணனை கேட்கலாமே என்றேன். அது சில நொடி தாமதமாக வருகிறது. அரங்கம் ஆர்ப்பரித்து முடித்த பிறகு காதில் பந்துவீச்சாளர் ஓடி வந்துகொண்டிருப்பார். 2022 கத்தார் உலகக் கோப்பைக் கால்பந்தில் பார்வையற்ற ரசிகர்களுக்கென்றே அரபியிலும் ஆங்கிலத்திலும் விவரிப்பு வர்ணனை கொடுத்தார்கள். நம்மிடம் அது இல்லாதவரை, ஆட்டம் தெரிந்த ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து காதோடு சொல்லிக்கொண்டே வர வேண்டும். “ஃபோர்” என்று மட்டும் சொன்னால் போதாது. எந்தப் பக்கம், யார் துரத்தினார், எல்லைக் கயிற்றுக்கு எவ்வளவு முன்னால் விட்டார் என்று சொல்ல வேண்டும். அப்படிச் சொல்லச் சொல்லத்தான் நானே ஆட்டத்தை ஒழுங்காகப் பார்க்க ஆரம்பித்தேன்.

ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கு அந்தச் சத்தமே வலி. இங்கிலாந்தின் சண்டர்லாந்து கால்பந்து மைதானத்தில் 2015 முதல் அவர்களுக்கென்று கண்ணாடி வைத்த அமைதியான அறை உண்டு. நாம் செய்யக் கூடியது: காதை மூடும் ஹெட்ஃபோன், வெளியே போகும் வழிக்குப் பக்கத்தில் இருக்கை, எப்போது வேண்டுமானாலும் கிளம்பலாம் என்று பெற்றோரிடம் முதலிலேயே சொல்லிவிடுவது. ஒரு பிள்ளை மூன்று ஓவரோடு கிளம்பினால் டிக்கெட் வீண் என்று முகத்தைச் சுளிக்காதீர்கள். அந்தப் பிள்ளைக்கு அந்த மூன்று ஓவர்தான் மேட்ச்.

ஒரு தடவையோடு விட்டுவிடுவது

அழைத்துப் போனோம், முடிந்தது என்று அடுத்த வருடம் வேறு இல்லம், வேறு ஆட்கள் என்று போய்விடுவார்கள். எண்ணிக்கை கூடும், அது அறிக்கையில் அழகாக இருக்கும். நாங்களும் முதலில் அப்படித்தான் செய்தோம். இப்போது பழைய ஆட்களில் பாதிப் பேரை மறுபடி கூப்பிடுகிறோம். பெயர், போன் எண், உட்கார்ந்த இடம், சிரமம் என்ன, அடுத்து எது பார்க்க ஆசை என்று ஒரு நோட்டில் எழுதி வைக்கிறோம்.

முதியோர் இல்லத்தில் ஒரு பெரியவர் இருக்கிறார். முதல் வருடம் கூப்பிட்டபோது, “நீங்க பார்த்து எதுக்குக் கூட்டிட்டுப் போனாலும் சரிங்க” என்று கைகூப்பினார். இந்த வருடம் ஆட்டங்களின் பட்டியல் வந்ததும் நான் கூப்பிடும் முன்பே போன் வந்தது. “தம்பி, அந்த பகல் மேட்ச் எனக்கு வேணாம். டெஸ்ட் வந்தா சொல்லு, மூணாவது நாள் டிக்கெட்டா பாரு. அப்பதான் ஸ்பின் எடுக்கும்.”