பெரிய நெகட்டிவ், பெரிதாக்காத படம்: நிலக்காட்சி கான்டாக்ட் பிரிண்டில் கான்ட்ராஸ்டைக் கைக்குள் வைப்பது எப்படி?

கான்டாக்ட் பிரிண்டில் படத்தைப் பெரிதாக்குவதில்லை. நெகட்டிவை ஒளிப்படத் தாளின்மேல் நேராக வைத்து, கண்ணாடியால் அழுத்தி, மேலிருந்து வெளிச்சம் கொடுக்கிறோம். நெகட்டிவ் எந்த அளவோ, படமும் அதே அளவு. அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் எட்வர்ட் வெஸ்டன் தன் 8×10 அங்குல நெகட்டிவ்களை இப்படித்தான் பிரிண்ட் போட்டார். நெகட்டிவுக்கும் தாளுக்கும் நடுவே லென்ஸ் குறுக்கிடாததால் சாம்பல் நிறத்தின் மிக மெல்லிய படிகள்கூடச் சிதையாமல் தாளில் இறங்கும். நெகட்டிவில் உள்ள குறையும் அப்படியே இறங்கும்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் பலர், படம் மங்கலாக வந்தால் உடனே கான்ட்ராஸ்டை, அதாவது கறுப்புக்கும் வெள்ளைக்கும் உள்ள வேறுபாட்டை, கூட்டிக் குறைக்கும் ஃபில்டரின் எண்ணை மாற்றுகிறார்கள். அதிலும் சரிவராவிட்டால் இன்னொரு எண். தாள்தான் தீர்கிறது. அதற்கு முன்பே செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. குறை இருப்பது வெளிச்சம் அளந்ததிலா, ஃபிலிமை டெவலப் செய்ததிலா, பிரிண்ட் போட்டதிலா என்பதை ஒரே ஒரு சோதனைப் பிரிண்ட் காட்டிக்கொடுத்துவிடும். இந்த விளக்கத்தின் நடுப்பகுதி அதைப் பற்றியது. அதற்கு வருமுன் வெளியில் கேமராவோடு நிற்கும் இடத்திலிருந்து தொடங்குவோம்.

படி 1: காட்சியில் எத்தனை ஸ்டாப் வித்தியாசம்?

ஒரு ஸ்டாப் கூட்டினால் வெளிச்சம் இரு மடங்கு, குறைத்தால் பாதி. காட்சியின் ஒரு சின்ன இடத்தை மட்டும் அளக்கும் ஸ்பாட் மீட்டர் எதைப் பார்த்தாலும் அதை நடுச் சாம்பலாக்கவே எண் சொல்லும். கரிய பாறையைப் பார்த்தாலும் அப்படித்தான், வெண்மேகத்தைப் பார்த்தாலும் அப்படித்தான். அமெரிக்க ஒளிப்படக் கலைஞர்கள் ஆன்சல் ஆடம்ஸும் ஃபிரெட் ஆர்ச்சரும் 1940-ஐ ஒட்டி வகுத்த, சாயல்களை எண்ணிட்ட படிகளாகப் பிரிக்கும் ஸோன் முறை இதை ஒழுங்குபடுத்துகிறது: 0 என்பது முழுக் கறுப்பு, 5 நடுச் சாம்பல், 10 தாளின் வெறும் வெள்ளை. ஒரு ஸோனுக்கும் அடுத்ததற்கும் இடையே ஒரு ஸ்டாப்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். பாறை இடுக்கின் நிழலுக்கு எஃப்/22 லென்ஸ் துளையில் 1/2 நொடி என்கிறது மீட்டர். அந்த நிழல் இருட்டாகத் தெரிய வேண்டும், ஆனால் பாறையின் சொரசொரப்பு மறையக் கூடாது. அதற்குரிய இடம் ஸோன் 3. எனவே இரண்டு ஸ்டாப் குறைத்து 1/8 நொடி கொடுக்கிறோம். இப்போது மேகத்தின் மிக வெளிச்சமான மடிப்பை அளந்தால் 1/125 நொடி வருகிறது. நாம் கொடுக்கப்போவது 1/8, அதாவது நான்கு ஸ்டாப் அதிகம். ஆக, மேகம் ஸோன் 9-இல் போய் உட்காரும். அங்கே மடிப்பு எதுவும் தெரியாது. ஸோன் 8-க்கு அதை இறக்க வேண்டும். அந்த வேலையை ஷட்டரால் செய்ய முயன்றால் நிழலும் சேர்ந்து இறங்கிப் பாறை இடுக்கு மொத்தக் கறுப்பாகிவிடும். அதைச் செய்ய வேண்டியது, ஃபிலிமில் பதிந்த படத்தை வெளிக்கொணரும் ரசாயனமான டெவலப்பர்.

லென்ஸில் மாட்டும் நிற ஃபில்டருக்கும் இதில் பங்கு உண்டு. மஞ்சள் எண் 8-க்கு ஒரு ஸ்டாப், சிவப்பு எண் 25-க்கு மூன்று ஸ்டாப் கூட்டிக் கொடுக்க வேண்டும். சிவப்பு நீல வானத்தைக் கறுப்பாக்கும், தொலைதூர மலைகளின் நீலப் புகைமூட்டத்தை விலக்கும். ஆனால் வெயில் படாத நிழலுக்கு வெளிச்சம் தருவதே நீல வானம்தான். அதனால் சிவப்பு போட்டால் நிழல்கள் நாம் கணக்கிட்டதைவிட ஆழமாக இறங்கும். மேகம் சிதறிய நல்ல வெயிலில் மஞ்சளே போதும் என்பது என் அபிப்பிராயம். மூடுபனியைப் பொறுத்தவரை எந்த நிற ஃபில்டரும் அதை விலக்காது. நீர்த்துளிகள் எல்லா நிறத்தையும் ஒன்றுபோலவே சிதறடிக்கின்றன.

படி 2: டெவலப்பரில் எத்தனை நிமிடம்?

நெகட்டிவில் நிழல் பகுதியின் அடர்த்தி டெவலப்பரில் சீக்கிரமே நின்றுவிடும். ஒளி நிறைந்த பகுதியின் அடர்த்தியோ நேரம் ஆக ஆக ஏறிக்கொண்டே போகும். கான்ட்ராஸ்ட் கட்டுப்பாடு முழுவதும் இந்த ஒரு குணத்தை நம்பித்தான் இருக்கிறது. நேரத்தைக் குறைத்தால் மேகம் இறங்கும், பாறை ஏறக்குறைய அதே இடத்தில் நிற்கும்.

இல்ஃபோர்ட் எஃப்பி4 பிளஸ் ஃபிலிமுக்கு ஐடி-11 டெவலப்பரை 1+1 கலவையில், 20 டிகிரி செல்சியஸில் 11 நிமிடம் என்பது நிறுவனம் தரும் அளவு. மேகத்தை ஒரு ஸோன் இறக்க 15 முதல் 20 விழுக்காடு குறைத்து 9 நிமிடத்தில் தொடங்கிப் பாருங்கள். நிழலும் சிறிது மெலியும் என்பதால் படம் எடுக்கும்போதே அரை ஸ்டாப் கூட்டிக் கொடுத்துவிடுவது நல்லது. மப்பும் மந்தாரமுமான நாளில் எல்லாமே நடுச் சாம்பலில் நெருங்கி நிற்கும். அப்போது நேரத்தை 25 விழுக்காடு கூட்டி 14 நிமிடத்துக்குக் கொண்டுபோகலாம்.

ரோல் ஃபிலிமில் இந்தச் சுதந்திரம் கிடையாது. ஒரே ரோலில் வெயில் காட்சியும் மழைக் காட்சியும் இருந்தால் இரண்டுக்கும் ஒரே நேரம்தான். தனித்தனித் தாள் ஃபிலிமில் ஒவ்வொன்றுக்கும் வேறு நேரம் கொடுக்கலாம். அதற்காகவே, தாள் ஃபிலிமைக் கேமராவில் பொருத்தும் உறையான ஹோல்டரின் மேல் எந்தத் தாள் எந்தக் காட்சி, கூட்ட வேண்டுமா குறைக்க வேண்டுமா என்று அங்கேயே எழுதி ஒட்டுங்கள்.

படி 3: மேசையை ஒழுங்குசெய்தல்

வெளிச்சத்துக்கு, படத்தைப் பெரிதாக்கும் கருவியான என்லார்ஜரையே பயன்படுத்தலாம். அதில் நெகட்டிவ் வைக்காமல், நெகட்டிவையும் தாளையும் அழுத்திப் பிடிக்கும் கண்ணாடிச் சட்டமான பிரிண்டிங் ஃபிரேம் முழுவதும் வெளிச்சம் படும்படி தலையை உயர்த்துங்கள். உயரத்தையும் லென்ஸ் துளையின் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். இவை மாறினால் நேரக் கணக்கு முழுவதும் மாறிவிடும். நெகட்டிவின் மங்கலான பக்கம் தாளின் பூச்சுப் பக்கத்தைத் தொட வேண்டும், பளபளப்பான பக்கம் கண்ணாடியை நோக்கி மேலே இருக்க வேண்டும். இந்த விளக்கம் மல்டிகிரேட் தாளுக்கானது. பச்சை வெளிச்சம் இந்தத் தாளில் மென்மையான கான்ட்ராஸ்டையும், நீல வெளிச்சம் கடினமான கான்ட்ராஸ்டையும் தரும். 00 (மிக மென்மை) முதல் 5 (மிகக் கடினம்) வரையிலான ஃபில்டர்கள் இந்த இரண்டின் விகிதத்தைத்தான் மாற்றுகின்றன.

படி 4: நெகட்டிவைப் படிக்கும் சோதனைப் பிரிண்ட்

என்லார்ஜரில் ஃபில்டர் எண் 2-ஐப் போடுங்கள். நெகட்டிவின் ஓரத்தில் வெளிச்சமே படாத தெளிந்த விளிம்பு இருக்கும். ஹோல்டரின் உதடு மறைத்த இடம் அது. அந்த விளிம்பும், அதைத் தாண்டி நெகட்டிவ் மூடாத வெறும் தாள் சிறிதும் தெரியும்படி அடுக்குங்கள். பிறகு ஒரு கறுப்பு அட்டையால் கட்டம் கட்டமாக மறைத்துக்கொண்டே 5, 7, 10, 14, 20 நொடிகள் வரும்படி வெளிச்சம் கொடுங்கள். முதலில் தாள் முழுவதற்கும் 5 நொடி, ஒரு பட்டையை மறைத்து 2, அடுத்ததையும் மறைத்து 3, பிறகு 4, கடைசியாக 6. ஒவ்வொரு பட்டைக்கும் அரை ஸ்டாப் வித்தியாசம் கிடைக்கும். எல்லாப் பட்டைகளும் அந்தத் தெளிந்த விளிம்பை வெட்டிச் செல்ல வேண்டும் என்பது முக்கியம்.

தாளை டெவலப்பரில் முழு நேரமும் விடுங்கள். பிளாஸ்டிக் பூச்சுத் தாளுக்கு மல்டிகிரேட் டெவலப்பரில், 1+9 கலவையில், ஒரு நிமிடம். கறுத்துவிடுகிறதே என்று பாதியில் எடுத்தால் கறுப்பு சோகை பிடித்து நிற்கும், சோதனைக்கு அர்த்தமே இல்லாமல் போய்விடும். படத்தை நிலைப்படுத்தும் ஃபிக்ஸர், கழுவல் முடிந்ததும் உலர்த்தி, சாதாரண அறை வெளிச்சத்தில் விளிம்பை மட்டும் பாருங்கள். முதல் பட்டையில் விளிம்பு கரும்சாம்பலாகவும், பக்கத்து வெறும் தாள் அதைவிடக் கறுப்பாகவும் இருக்கும். பட்டைகள் போகப் போக இரண்டுக்கும் இடையிலான கோடு மங்கும். கோடு முதன்முதலில் கண்ணுக்குத் தெரியாமல் போகிற பட்டை எதுவோ, அந்த நேரம்தான் உங்களுடையது. 14 நொடி என்று வைத்துக்கொள்வோம்.

இப்போது முழுத் தாளுக்கும் 14 நொடி கொடுத்து ஒரு பிரிண்ட் போடுங்கள். அழகாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டாம். கீழ்க்கண்டவற்றில் எது என்று மட்டும் பாருங்கள்.

பாறை இடுக்கில் சொரசொரப்பும் மேகத்தில் மடிப்பும் இரண்டுமே தெரிகின்றன என்றால் நெகட்டிவ் சரியாக இருக்கிறது. பாறை நன்றாக இருந்து மேகம் அழுக்குச் சாம்பலாக இருந்தால், டெவலப் செய்த நேரம் போதவில்லை. பாறை நன்றாக இருந்து மேகம் வெறும் தாளாக வெளுத்துப்போயிருந்தால், நேரம் மிஞ்சிவிட்டது. இந்த இரண்டையும் ஃபில்டரால் பெருமளவு சரிக்கட்டலாம். நான்காவதுதான் கடினமானது: மேகம் சரியாக இருக்கிறது, பாறை இடுக்கு மட்டும் ஒன்றுமில்லாத கறுப்பு. நிழலுக்கு வெளிச்சம் போதாமல் எடுத்த நெகட்டிவ் அது. ஃபிலிமில் பதியாத சொரசொரப்பை எந்த ஃபில்டராலும் தாளுக்குக் கொண்டுவர முடியாது. அங்கே தாளைச் செலவழிக்காமல் படி 1-க்குத் திரும்புங்கள்.

படி 5: நேரம் மேகத்துக்கு, ஃபில்டர் கறுப்புக்கு

இறுதிப் பிரிண்டுக்கு வரும்போது அணுகுமுறை மாறுகிறது. முதலில் மேகத்தின் மேல் ஒரு சின்னத் தாள் துண்டை வைத்து, மடிப்புகள் மெல்லத் துலங்கும் நேரத்தைக் கண்டுபிடியுங்கள். அந்த நேரத்தில் முழுப் பிரிண்ட் போட்டு, இப்போது கறுப்பைப் பாருங்கள். வெளிறியிருந்தால் ஃபில்டர் எண்ணைக் கூட்டுங்கள், அடைத்துக்கொண்டிருந்தால் குறையுங்கள். அரை எண் மாற்றமே பல படங்களில் கண்ணுக்குத் தெரியும். இல்ஃபோர்ட் ஃபில்டர்களில் 00 முதல் 3½ வரை ஒரே நேரம், 4 முதல் 5 வரை இரு மடங்கு. இந்தச் சமன்பாடு நடுச் சாம்பலுக்குத்தான் பொருந்தும். ஆகவே ஃபில்டரை மாற்றும்போதெல்லாம் மேகத்துக்கு மறுபடியும் ஒரு துண்டுச் சோதனை போட்டுவிடுங்கள்.

வானத்துக்கு மட்டும் கூடுதல் நேரம் தேவைப்பட்டால், மலை விளிம்பின் வடிவத்தில் வெட்டிய அட்டையைக் கண்ணாடிக்குச் சற்று மேலே பிடித்து, அசைத்துக்கொண்டே இருங்கள். அசைவு நின்றால் மலைமேல் கோடு விழும். மேகம் பிடிவாதமாக வெளுத்தே வந்தால் அந்தக் கூடுதல் நேரத்தை 00 ஃபில்டரில் கொடுங்கள். மலையின் கறுப்பு அதிகம் பாதிக்கப்படாமல் மேகத்தில் சாயல் ஏறும். நடுவே ஃபில்டரை மாற்றும்போது ஃபிரேம் சற்று நகர்ந்துவிட்டாலும் படம் இரட்டையாகாது. நெகட்டிவும் தாளும் கண்ணாடிக்கடியில் ஒன்றாகவே நகரும். பெரிதாக்கிப் பிரிண்ட் போடுகிறவர்களுக்கு இந்த நிம்மதி இல்லை.

ஈரத்தில் பார்த்து முடிவெடுக்காதீர்கள். பிளாஸ்டிக் பூச்சில்லாத ஃபைபர் தாள் உலரும்போது வெள்ளைகள் மங்கும், படம் மொத்தமாக ஒரு சாயல் இருண்டுவிடும். ஒரு துண்டை உலர்த்தி ஈரமான பிரிண்டோடு ஒப்பிட்டு, தேவையென்றால் நேரத்தை 5 முதல் 10 விழுக்காடு குறையுங்கள்.

படி 6: அடுத்த ஃபிலிமுக்கான திருத்தம்

ஒவ்வொரு நெகட்டிவின் உறையிலும் டெவலப் செய்த நேரத்தையும், இறுதிப் பிரிண்டுக்கு ஒத்துவந்த ஃபில்டர் எண்ணையும் எழுதுங்கள். சாதாரண வெளிச்சத்தில் எடுத்த நெகட்டிவ்கள் தொடர்ந்து 3 அல்லது 3½ கேட்டால் உங்கள் வழக்கமான டெவலப்பர் நேரத்தை 10 முதல் 15 விழுக்காடு கூட்டுங்கள். தொடர்ந்து 1 கேட்டால் அதே அளவு குறையுங்கள். மீட்டர், தெர்மாமீட்டர், தண்ணீர், டெவலப்பரைக் கலக்கும் கை எல்லாம் ஆளுக்கு ஆள் மாறும். அதனால் 11 நிமிடம் என்று நான் மேலே சொன்னது உங்கள் இருட்டறையில் 10-ஆகவோ 12½-ஆகவோ முடியலாம். எண் 2 ஃபில்டரில் வழக்கமான காட்சி உட்காரத் தொடங்கும்வரை இந்தத் திருத்தத்தைத் தொடருங்கள்.