சிறிய தொலைநோக்கியில் வியாழனின் பெருஞ்சிவப்புப் புள்ளியைப் பார்ப்பது எப்படி?

வியாழனின் தென் அரைக்கோளத்தில், ஏறத்தாழ 22 பாகை அகலாங்கில், பூமியைவிட அகலமான ஒரு புயல் நூறாண்டுகளுக்கும் மேலாக ஓயாமல் சுழன்றுகொண்டிருக்கிறது. அதுதான் பெருஞ்சிவப்புப் புள்ளி. மொட்டைமாடியிலிருந்தே அதைப் பார்க்கலாம். தெரியவில்லை என்று கைவிடுபவர்களில் பலருக்குக் கருவியில் குறை இருப்பதில்லை. பார்க்கும் நேரம்தான் தவறிவிடுகிறது.

கருவி: 150 மி.மீ. விட்டமுள்ள ஆடி கொண்ட டாப்சோனியன் (எளிய தாங்கியில் அமர்ந்து, கையால் திருப்பப்படும் வகை) தொலைநோக்கியையே நான் பரிந்துரைப்பேன். 500 மடங்கு பெரிதாக்கும் என்ற விளம்பரத்துடன் வரும் 60 மி.மீ. பெட்டிகளைத் தவிர்த்துவிடுங்கள், கண் வைத்துப் பார்க்கும் வில்லை நல்லதாக இருந்தால் 150 மடங்கே தாராளம். பார்ப்பதற்கு அரை மணி நேரம் முன்பே கருவியை வெளியில் வைத்துவிட வேண்டும்.

நேரம்: இந்தப் படியில் அவசரம் வேண்டாம். வியாழன் தன்னைத்தானே ஒருமுறை சுற்ற 9 மணி 56 நிமிடமே ஆகிறது. ஆகவே புள்ளி, நமக்குத் தெரியும் வட்டின் நடுவைக் கடப்பதற்கு முன்னும் பின்னும் சுமார் 50 நிமிடம் மட்டுமே அது நன்றாகத் தெரியும். இன்று இரவு 9 மணிக்கு நடுவில் கண்டால், நாளை அதே நேரத்தில் அது மறுபக்கத்தில் இருக்கும். நாளை மறுநாள் இரவு 10:38 அளவில் மீண்டும் நடுவுக்கு வரும். வானத்தைத் திரையில் காட்டும் ஸ்டெல்லேரியம் போன்ற மென்பொருளில் நேரம் பார்ப்பவர்கள், அதன் அமைப்புகளில் புள்ளியின் நெட்டாங்கு எவ்வளவு என்று கொடுக்கப்பட்டிருக்கிறது என்பதைக் கட்டாயம் சரிபார்க்க வேண்டும். புள்ளி ஓரிடத்தில் நிலைத்து நிற்பதில்லை, மெல்ல நகர்ந்துகொண்டே இருக்கிறது; பழைய எண்ணில் 30 பாகை பிழை இருந்தாலே கணக்கு 50 நிமிடம் தவறி, திரையில் புள்ளி நடுவில் நிற்கும்போது வானில் அது நடுவுக்கும் விளிம்புக்கும் பாதி வழியில் இருக்கும்.

திசை: டாப்சோனியனில் பிம்பம் தலைகீழாகத் தெரியும் என்பதால் தெற்கு மேலே இருக்கும். குழாயை அசைக்காமல் விட்டால் கோள் பார்வைப் புலத்தைவிட்டு மெல்ல நகர்ந்து வெளியேறும். வட்டின் எந்த விளிம்பு முதலில் மறைகிறதோ, அதை நோக்கியே புள்ளியும் நகரும்.

பார்த்தல்: பெயரை நம்பிச் செக்கச் சிவந்த நிறத்தைத் தேடாதீர்கள், பெரும்பாலும் வெளிறிய செம்மஞ்சளாகவே தெரியும். தெற்கு நடுக்கோட்டுப் பட்டையின் (கோளின் நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே ஓடும் கருமையான பட்டை) விளிம்பில் உள்வாங்கிய ஒரு குழிவைத் தேடுங்கள். புள்ளி அதில்தான் அமர்ந்திருக்கும். 80ஏ எண்ணுள்ள நீல வடிகட்டி அதைச் சற்று எடுத்துக்காட்டும். வளிமண்டலம் அமைதியாகும் ஓரிரு நொடிகளில்தான் அது தெளிவாகத் துலங்கும் என்பதால், கண்ணை எடுக்காமல் கால் மணி நேரமாவது பாருங்கள்.

பின்சேர்க்கை: வியாழனின் துருவ ஒளியையும் இதே கருவியில் காண முடியுமா என்று வாசகர்கள் கேட்டிருந்தார்கள். முடியாது. அது புற ஊதாவிலும் அகச்சிவப்பிலும்தான் வலுவாக ஒளிர்கிறது. அந்தப் புற ஊதாவை நம் வளிமண்டலம் தடுத்துவிடுவதால் ஹபிள் தொலைநோக்கி விண்வெளியிலிருந்து அதைப் படமெடுக்கிறது. 2023 டிசம்பர் 25 அன்று ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி அதே ஒளியை அகச்சிவப்பில் பதிவுசெய்தது. ஆனால் அந்த ஒளிக்குத் துகள்களை ஊட்டும் எரிமலை நிலவான அயோ உங்கள் கருவியிலேயே தெரியும். அதன் நிழல் வியாழனின் வட்டைக் கடக்கும் நேரத்தையும் ஸ்டெல்லேரியத்தில் பார்க்கலாம். அந்தக் கரும்புள்ளி சிவப்புப் புள்ளியைவிட எளிதாகக் கண்ணில் படும்.